ஒற்றை நாற்று வைத்த கழனி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் கத்தும்போது யாரும் ஆச்சரியப்படக் கூடாது. வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக வேலை கிடைத்தபோது, "ஊரூராப் போயி விவசாயிங்ககிட்ட பொறுமையா பேசணுமாமே, நீயா?" என்று அம்மா சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எங்கள் வீட்டில் யாரும் ஒரு பிடி நெல் விதைத்தவர்கள் இல்லை. காஞ்சிபுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். விவசாயக் கல்லூரியில் இடம் கிடைத்தது, போய்ச் சேர்ந்தேன். மண்ணோடு எனக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

மாகறல் போகிற சாலையை ஒட்டி ஏழெட்டு ஊர்களை என்னிடம் கொடுத்தார்கள். விதை வந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், மண் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், பூச்சி விழுந்தால் போய்ப் பார்க்க வேண்டும், நடுநடுவே பயிற்சி என்று கூட்டம் சேர்த்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்துப் பேச வேண்டும். என் முதல் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று பொரிந்து தள்ளினேன். கடைசியில், ஏதாவது சந்தேகம் உண்டா என்று கேட்டேன். பின்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கி, "டீ எப்பம்மா வரும்?" என்றார். அன்றைக்கு ஸ்கூட்டியில் வீடு திரும்பும்வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன்.

இரண்டாம் வருஷம் எனக்கு ஒரு செயல்விளக்கத் திடல் போடும் வேலை வந்தது. அதாவது, ஒரு விவசாயியின் சொந்தக் கழனியிலேயே புதுமுறையில் பயிர் வைத்து, ஊரே வந்து பார்க்கும்படி செய்வது. எங்கள் பக்கத்தில் நெல் வயலைக் கழனி என்போம். பேச்சில் அது கயினி ஆகிவிடும். அந்த வருஷப் புதுமுறை ஒற்றை நாற்று. வழக்கமாக ஒரு மாதம் வளர்ந்த நாற்றை மூன்று நான்காகச் சேர்த்துச் சொருகுவார்கள். இதில் பதினான்கே நாள் ஆன பிஞ்சு நாற்று, அதுவும் ஒன்றே ஒன்று, ஒரு ஜாணுக்கு ஒன்றாகச் சதுரம் சதுரமாக. தண்ணீரைத் தேக்கி வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்ச வேண்டும். வரிசைகளுக்கு நடுவே ஓர் உருளைக் கருவியைத் தள்ளிக்கொண்டு போனால் களை மண்ணுக்குள் அமுங்கிவிடும். இடம் தாராளமாகக் கிடைப்பதால் ஒரே நாற்று பக்கத்தில் பக்கத்தில் கிளைத்துப் பெரிய தூராகிவிடும்.

வகுப்பறையில் நன்றாகத்தான் இருந்தது. ஊரில் ஒருவரும் நிலம் தர முன்வரவில்லை. "உங்க ஆபீஸ் மொட்ட மாடில போட்டுப் பாருங்க மேடம். நல்லா வந்தா சொல்லுங்க, நாங்க வந்து பார்க்கறோம்" என்றார் ஏரிக்கரையில் கழனி வைத்திருந்த ஒருவர். நான் எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு கிளம்பினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கூப்பிட்டது. "ம்மா, நில்லு. என் கயினில போடு."

கூப்பிட்டவரை எனக்குத் தெரியும். அந்த ஊர் காலனியில் பதினான்கு பெண்கள் சேர்ந்த நடவுக் கோஷ்டிக்கு அவர்தான் தலைவி. ஊரே அவரை மேஸ்திரி என்று கூப்பிடும். நான் அக்கா என்பேன். நாற்பத்தைந்து வயசிருக்கும். பன்னிரண்டு வயசிலிருந்து அந்த ஏரிப் பாசனத்தில் அவர் கை படாத கழனி கிடையாது. கணவர் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன்.

"உங்க கழனியா?" என்று நான் கேட்டேன். கேட்ட விதம் சரியில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. அக்கா அதைக் கவனிக்காதது போல இருந்தார். கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார். காலனிப் பெண்கள் அந்தப் பாசனத்தில் எல்லாருடைய நிலத்திலும் நட்டிருக்கிறார்கள், களை எடுத்திருக்கிறார்கள், அறுத்திருக்கிறார்கள். தனக்கென்று பயிர் வைத்தவர் ஒருவரும் அதுவரை கிடையாது.

நிலம் முக்கால் ஏக்கர். அதன் சொந்தக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் தாம்பரத்தில் இருந்தார். குத்தகைக்கு வைத்திருந்தவர் முழங்கால் வலியில் விட்டுவிட்டார். சவுக்குப் போட்டுவிடலாம், நட்டால் நாலைந்து வருஷம் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று நிலத்துக்காரர் யோசித்துக்கொண்டிருந்தார். அது அக்காவின் காதுக்கு வந்தது. யாரிடமோ நம்பர் வாங்கி, நேராக அவருக்கே போன் போட்டுவிட்டார்.

"சார், நான்தான் உங்க கயினிக்கு நடவு நடற மேஸ்திரி. எனக்குக் குத்தகைக்கு வுடுங்கன்னேன். அந்தாண்ட பேச்சே இல்ல. லைனு கட்டாயிடுச்சோன்னு பார்த்தேன்" என்று அக்கா சிரித்தார். "அப்பறம் சொன்னாரு, இந்த நவரைப் பட்டத்துக்கு ஒரு போகம் வெச்சுக் காட்டு, தை கடைசில மாகறல் கோயிலுக்கு வரேன், கயினியப் பார்த்துட்டு முடிவு சொல்றேன், நல்லா இல்லன்னா மாசில சவுக்குதான் அப்டினு. கெணத்துல தண்ணி ரெண்டு மணி நேரம்தாம்மா நிக்குது. நீ சொல்ற நடவுக்குத் தண்ணி கம்மினு சொன்னியே. அதத்தான் கேட்டுக்கினு நின்னேன்."

என் பேச்சை ஒருவர் முழுசாகக் கேட்டிருக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. தை ஐந்தாம் தேதி நட்டால் தை கடைசிக்கு இருபத்தைந்து நாள் ஆகியிருக்கும், அதற்குள் தூர் கட்டிப் பச்சென்று நிற்கும் என்று கணக்குச் சொன்னேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒரு திடல் வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

நடவன்றைக்கு ஒரு கயிறு கொண்டு போனேன். ஜாணுக்கு ஒரு முடிச்சு என்று அப்பா அளந்து, ஒவ்வொரு இடத்திலும் தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலைக் கட்டிக் கொடுத்திருந்தார். கயிற்றை இந்த வரப்புக்கும் அந்த வரப்புக்கும் இழுத்துப் பிடித்து, நூல் இருக்கும் இடத்தில் ஒவ்வொரு நாற்றாக வைக்க வேண்டும். கோஷ்டிப் பெண்களுக்கு அது ஒரே வேடிக்கை.

"ஏம்மா, கயினிக்குப் பட்டுப் பொடவயா நெய்யப் போற?" என்றார் கோஷ்டியில் மூத்தவர். இரண்டு பக்கமும் மூக்குத்தி போட்டிருப்பார், அதனால் எனக்கு அவர் மூக்குத்தி அத்தை. வாய் என்றால் அப்படி ஒரு வாய். "ஒத்த நாத்த வெச்சா அது ராத்திரி பயந்துக்காது? தொணைக்கு ஒண்ணு வெக்கறேனே."

"ஒண்ணே ஒண்ணுதான் அத்தை."

"தோ, ஒண்ணுதாம்மா வெச்சேன்." கையை எடுத்தால் இரண்டு இருக்கும். நான் போய் ஒன்றைப் பிடுங்குவேன். அவர் திரும்பும்போது நான் பார்ப்பேன், நான் திரும்பும்போது அவர் வைப்பார். மதியத்துக்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் நட்டு முடித்தபோது வரிசை அவ்வளவு நேராக இருந்தது. அக்கா வரப்பில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "ஷோக்கா இருக்குதும்மா" என்றார். நான் போட்டோ எடுத்தேன், வருகைப் பதிவில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன், கிளம்பினேன்.

இங்கேதான் நான் செய்த தப்பு இருக்கிறது. எப்படி நடுவது என்று அன்றைக்கு முழுவதும் கத்தினேன். நட்ட பிறகு முதல் பதினைந்து இருபது நாள் அந்தக் கழனி எப்படி இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எப்படி இருக்கும் என்றால், ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பிஞ்சு நாற்று, ஜாண் இடைவெளி, தண்ணீரும் நிற்காது. சாலையிலிருந்து பார்த்தால் வெறும் சேறுதான் தெரியும். அந்தத் தையில் குளிர் வேறு அதிகம். நாற்று மேலே வருவதற்கு யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் மற்றவர்களின் கழனிகள் பாய் விரித்தது போலப் பச்சையாக இருந்தன. நடுவில் அக்காவுடையது மட்டும் காலி.

ஊருக்கு அது போதாதா? "இன்னாமே, கயினிக்கு மொட்ட அடிச்சு வுட்டுட்ட? திருத்தணிக்கு நேர்ந்துக்கினியா?" என்று பக்கத்துக் கழனிக்காரர் கேட்டாராம். அக்கா சிரித்துக்கொண்டுதான் என்னிடம் சொன்னார். ஆனால் மறுநாளிலிருந்து அவர் சாலை வழியாக வராமல் ஏரிக்கரை சுற்றிக் கழனிக்கு வருகிறார் என்பதை நான் கண்டேன். எனக்குச் சங்கடமாக இருந்தது. பத்து நாள் பொறுங்கள், பத்தே நாள் என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது. "ம்மா, அந்தத் தாம்பரம் சாரு தை கடைசில வரலயாம். அப்ப அவரு பொண்ணு ஊட்டுல விசேஷமாம். நாளனிக்குத் திங்கக்கிழமயே கோயிலுக்கு வர்றாராம். அப்பிடியே கயினியப் பார்த்துட்டுப் போறாராம்."

திங்கட்கிழமை என்றால் நட்டுப் பன்னிரண்டு நாள். பச்சையாக ஒன்றும் இல்லாத கழனியை அவர் பார்ப்பார், சவுக்கு என்பார், முடிந்தது. அக்கா முப்பது வருஷமாகக் காத்திருந்த ஒரு வாய்ப்பை நான் என் திடலுக்காகக் கெடுத்துவிட்டேன். "நான் காலையிலேயே வந்துடறேங்க்கா, அவருகிட்ட நான் பேசறேன்" என்றேன். அக்கா "சரிம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா ஞாயிறு தோறும் ஜெபத்துக்கு வாலாஜாபாத் போவார். முழுநாள் அங்கேதான், அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போய்விட்டுப் பொழுது சாய்ந்துதான் திரும்புவார். நானும் ஒரு கல்யாணத்துக்குப் போய் முகூர்த்தத்தைக்கூடக் கவனிக்காமல், நாளைக்கு அந்த மனுஷரிடம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். கழனி பச்சைப்பசேல் என்று இருந்தது.

ஒரு நிமிஷம், வேறு கழனிக்கு வந்துவிட்டேனோ என்றுதான் நினைத்தேன். இல்லை, அதேதான். வரிசைகளைக் காணோம். என் ஒற்றை நாற்றுகளுக்கு நடுவில் நான்கு நான்காக, உயரமான முற்றிய நாற்றுகள் அடர்த்தியாகச் சொருகியிருந்தன. வரப்பில் கோஷ்டிப் பெண்கள் பதின்மூன்று பேரும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு நின்றார்கள். மூக்குத்தி அத்தையின் முகத்தில் அவ்வளவு பெருமை.

"யாரு பண்ணது இது?"

"நாங்கதாம்மா. நேத்து மேஸ்திரி ஜெபத்துக்குப் போனதும் வந்து முடிச்சிட்டோம். பக்கத்துக் கயினில நாத்து மிஞ்சிக் கெடந்துச்சு" என்றார் அத்தை. "நாங்க நட்டா, எங்கனா நாத்து சாஞ்சு காலியா இருந்துச்சுன்னா பத்து நாள்ல வந்து ரொப்பிக் குடுத்துடுவோம். கூலி வாங்க மாட்டோம். அது எங்க கோஷ்டிக்கு மொறை. ஊருல எல்லாருக்கும் செய்யறோம், எங்க மேஸ்திரி கயினிக்குச் செய்ய மாட்டமா? இது இன்னா, கயினி பூராவும் காலியாவே இருந்துச்சு, கொஞ்சம் ஜாஸ்தி வேல ஆயிப்போச்சு."

எனக்கு அழுகையா கோபமா என்று தெரியவில்லை. கோபம்தான் முந்திக்கொண்டது. கத்தினேன். அந்த நாற்று வேறு ரகம், குண்டு நெல், நாம் வைத்தது சன்ன நெல், இரண்டும் ஒரே சமயத்தில் விளையாது, உருளையைத் தள்ள வரிசை இல்லை, ஒற்றை நாற்று மூச்சுத் திணறிச் சாகும், உங்களை யார் கேட்டது, எல்லாவற்றையும் கத்தினேன். பெண்களின் முகம் விழுந்துவிட்டது. ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அக்கா ஏரிக்கரைப் பக்கமிருந்து வந்தார். அவரும் அதை அப்போதுதான் பார்க்கிறார்.

"வரட்டும்மா அந்த சாரு" என்றார் அத்தை, இப்போது என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்து. "வந்து பார்த்துட்டு, நல்லா இருக்குதுன்னு எழுதிக் குடுத்துட்டுப் போவட்டும். அவரு காரு அந்தாண்ட போனதும் நாங்களே எறங்கிப் புடுங்கிடறோம். இதுல இன்னா இருக்குது?"

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அது எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. நிலத்துக்காரருக்குக் குண்டு நெல்லும் தெரியாது, சன்ன நெல்லும் தெரியாது. பத்து நிமிஷம் பார்ப்பார். அக்காவுக்கு நிலம் கிடைக்கும், என் திடலும் பிழைக்கும். நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். சரி என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்றுதான் பார்த்தேன்.

அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் சொருகினார், கழனிக்குள் இறங்கினார், குனிந்து ஒரு கொத்தைப் பிடுங்கி வரப்பில் எறிந்தார். இன்னொன்று. இன்னொன்று.

"மே, இன்னா பண்ற நீ?" என்று அத்தை பதறினார்.

"இன்னிக்குக் காட்டறது ஒண்ணு, நாளைக்கு இருக்கறது ஒண்ணா?" அக்கா நிமிராமலே சொன்னார். "பத்து நாள் கழிச்சு திரும்ப வந்து பார்த்தாருன்னா நான் இன்னா சொல்வேன்? காலனிக்காரி ஏமாத்திட்டான்னு சொல்வாரு. அப்பறம் உனக்கும் கெடைக்காது, இவளுக்கும் கெடைக்காது, நம்ம பசங்களுக்கும் எவனும் குடுக்க மாட்டான். எறங்குங்கடி எல்லாரும். சின்ன நாத்த மிதிக்காம எறங்குங்க."

இறங்கினார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பிஞ்சு நாற்றை விட்டுவிட்டு முற்றியதை மட்டும் பிடுங்க வேண்டும். முதுகு கழன்றுவிடும் போல இருந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தைக்கு வாய் திரும்பிவிட்டது. "நட்டதுக்கும் கூலி இல்ல, புடுங்கறதுக்கும் கூலி இல்ல. நல்லாக்கீதுமே உன் மொறை!" என்று தன்னையே திட்டிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கத்துனா இன்னா, நீயும் சேத்துல எறங்கிட்டியே" என்றார் அத்தை.

பத்து மணிக்குக் கார் வந்தது. முக்கால் பாகம் முடித்திருந்தோம். கிணற்றோரத்தில் ஒரு பட்டை மட்டும் மீதி. நிலத்துக்காரர் நெற்றியில் விபூதியோடு இறங்கி வந்தார். அவர் கண்ட காட்சியை நினைத்துப் பாருங்கள். கழனிக்குள் பதினைந்து பெண்கள், நட்ட பயிரைப் பிடுங்கி எறிந்துகொண்டிருக்கிறோம்.

"என்ன நடக்குது இங்க?"

நான் சேற்றுக் கையோடு வரப்பில் ஏறினேன். ஒத்திகை பார்த்ததையெல்லாம் ஆரம்பித்தேன். தூர் எண்ணிக்கை, வேர் வளர்ச்சி, காற்றோட்டம்... அக்கா என் தோளைத் தொட்டார். "நீ இரும்மா." பிறகு அவரே சொன்னார், நடந்தது நடந்தபடி. ஒற்றை நாற்று நட்டதை, அது காலியாகத் தெரிந்ததை, தான் இல்லாதபோது கோஷ்டி வந்து நிரப்பியதை, இப்போது பிடுங்குவதை. எந்த ஒருத்தி மேலும் பழி போடவில்லை. "எங்க பொம்பளங்க பாசத்துல பண்ணிட்டாங்க சார். ஆனா அது என் பயிர் இல்ல. என் பயிர் இதுதான்" என்று தரையில் இருந்த ஒரு பிஞ்சைக் காட்டினார். அது விரல் நீளம்தான் இருந்தது.

நிலத்துக்காரர் குனிந்து பார்த்தார். "பார்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். பிறகு கிணற்றோரப் பட்டையைக் காட்டி, "அதைப் பிடுங்காதீங்க. அது அப்படியே இருக்கட்டும். அறுப்புல ரெண்டையும் பார்க்கலாம். சவுக்குக்காரருக்கு அதுவரைக்கும் நான் பதில் சொல்லல" என்றார். கார் கிளம்பிப் போயிற்று. கிடைத்தது என்றும் இல்லை, போயிற்று என்றும் இல்லை. அக்கா கிணற்றில் கை கால் கழுவிக்கொண்டு, "வா, கஞ்சி குடிக்கலாம்" என்றார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வேறு ஊர்களுக்குப் போனாலும் அந்த வழியாகத்தான் போனேன். என் வேலையும் மாறிவிட்டது. கூட்டம் போட்டுப் பேசுவதை விட்டேன். வாரம் ஒரு முறை கோஷ்டிப் பெண்களோடு வரப்பில் உட்கார்ந்து, இந்த வாரம் பயிர் எப்படி இருக்கிறது, அடுத்த வாரம் எப்படி இருக்கும், எதைப் பார்த்தால் பயப்படலாம், எதைப் பார்த்தால் பயப்பட வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். மண் மயிரிழை அளவு வெடித்தால் பயப்பட வேண்டாம், தண்ணீர் விட வேண்டிய நேரம் அதுதான் என்று நான் சொன்னேன். இலைச் சுருட்டுப் புழு விழுந்ததை எனக்கு முன்பே அவர்கள் கண்டார்கள். கள்ளிக் கிளையைப் பயிர்மேல் இழுத்துச் சுருண்ட இலையைத் தட்டிவிடலாம் என்று அவர்கள் சொன்னார்கள். உருளையைத் தள்ள முதலில் யாருக்கும் வரவில்லை. பிறகு யார் தள்ளுவது என்று சண்டை வந்தது.

குளிர் விட்டது. மாசி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், நாற்று விழித்துக்கொண்டது. ஒன்று நாலாயிற்று, நாலு பத்தாயிற்று. ஒருநாள் மூக்குத்தி அத்தை ஒரு தூரைப் பிடித்துக்கொண்டு கிளைகளை எண்ண ஆரம்பித்தார். இருபத்தெட்டில் எண்ணிக்கை தப்பியது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார், முப்பத்தொன்றில் தப்பியது. "சீ, இது இன்னா கருமம், எண்ண வுடமாட்டேங்குது" என்று அதைத் தட்டிவிட்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்துக் கழனிக்காரர் மொட்டைப் பேச்சை நிறுத்திவிட்டு, வரப்போரமாக வந்து நின்று பார்க்க ஆரம்பித்தார். அக்கா சாலை வழியாகவே கழனிக்கு வரத் தொடங்கினார்.

சித்திரையில் அறுப்பு மிஷினுக்குச் சொல்லிவிட்டு நிலத்துக்காரருக்கும் அக்கா போன் போட்டார். அவர் முந்தின நாளே வந்தார். கோஷ்டி முழுக்க அங்கே இருந்தது. கிணற்றோரப் பட்டையில் குண்டு நெல் முன்பே பழுத்துத் தலை சாய்ந்து பாதி கொட்டிக் கிடந்தது, நடுவில் பச்சை நெல் நெருக்கத்தில் நோஞ்சானாக நின்றது. மற்ற முக்கால் பாகமும் ஒரே சீராக மஞ்சளாகியிருந்தது. கதிர் ஒவ்வொன்றும் கனத்துத் தொங்கியது. நிலத்துக்காரர் வரப்பைச் சுற்றி ஒரு முழுச் சுற்று நடந்தார். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் வந்திருக்கு" என்றார். "சரி, அடுத்த போகமும் வெச்சுக்கோ. அப்பறம் பார்க்கலாம்."

எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அக்கா முந்திக்கொண்டார்.

"போகம் போகமா வேணாம் சார். அஞ்சு வருசம்னு எழுதிக் குடுங்க."

"அஞ்சு வருஷமா?" அவர் சிரித்தார். "ஒரு போகம்தானே வெச்சிருக்க நீ."

"ஆமா சார். ஆனா தை மாசம் நீங்க வந்த அன்னிக்குக் காலைல, கயினி ஃபுல்லா பச்சையா நின்னுச்சு. நான் புடுங்காம வுட்டிருந்தா நீங்க அன்னிக்கே எழுதிக் குடுத்திருப்பீங்க. காலிக் கயினியதான் உங்களுக்குக் காட்டுனேன். அப்பிடிப்பட்டவகிட்ட அஞ்சு வருசம் வுட மாட்டீங்களா?"

நிலத்துக்காரர் சிரிப்பை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "முறையா பத்திரம் அப்பறம் போட்டுக்கலாம். இப்ப ஒரு தாள் இருந்தா குடும்மா" என்று என் பக்கம் கையை நீட்டினார். என் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அவசரத்தில் ஓரம் கோணலாகக் கிழிந்தது. அவர் காரின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். இரண்டு வரி எழுதிவிட்டு, "உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.

"அவரு பேரு எதுக்கு சார்? அவரு வாட்ச்மேன் வேலைக்குப் போறாரு. பயிர் வெக்கறது நான். என் பேரைப் போடுங்க."

அவர் பேனாவோடு நிமிர்ந்தார். முப்பது வருஷமாக அவருடைய நிலத்தில் நட்டவர், நாலு மாதமாகப் போனில் பேசியவர் அக்கா. மேஸ்திரி என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "உன் பேரு..." என்று இழுத்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

அக்கா தன் பெயரைச் சொன்னார். அப்பா பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்து, அவர் எழுதுவதற்குத் தோதாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அவர் எழுதினார்.

"மே, எங்களுக்குக் கேக்கல!" என்று வரப்பிலிருந்து மூக்குத்தி அத்தை கத்தினார். "இன்னொரு தபா சொல்லு!"

அக்கா திரும்பி நின்று, சத்தமாக இன்னொரு முறை சொன்னார்.